தலைமுழுகுதலும் ஞானஸ்நானமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில், வயது வந்த பிறகு கிறிஸ்தவராகிறவர்கள் பெறும் ஞானஸ்நானத்தைப் பற்றி ஒரு வாசகர் எழுதியிருந்தார். பெற்றோரையும் உற்றாரையும் தலைமுழுகுகிற சடங்குக்குத்தான் ஞானஸ்நானம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அவர் கடிதத்தின் சாரம். வசைச்சொல் ஒன்றுகூட அதில் இல்லை. தம் வீட்டில் நடந்த ஏதோ ஒன்றின் வலி அந்த வரிகளுக்குப் பின்னால் இருக்கிறது என்பது படித்தபோதே தெரிந்தது. நான் திருநெல்வேலி மாவட்டத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன். எங்கள் சேகரத்தில், அதாவது ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டாரத்தில், பெரியவர்களுக்கான ஞானஸ்நான வகுப்பை 19 ஆண்டுகளாக நடத்திவருகிறேன். அந்த வாசகருக்கு மறுப்பு எழுதுவது என் நோக்கமன்று. அவர் எடுத்தாண்ட சொல்லே இந்தப் பொருளின் வாசலைத் திறக்கிறது என்று எனக்குத் தோன்றியதால் எழுதுகிறேன்; கடிதம் சற்று நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

தமிழில் தலைமுழுகுதல் என்றால் உறவை அறுத்துக்கொள்ளுதல். 'அவனை அன்றைக்கே தலைமுழுகிவிட்டேன்' என்று சொல்லும் தகப்பனை எல்லா ஊரிலும் பார்த்திருக்கிறோம். ஒரு வேலையையோ பழக்கத்தையோ அடியோடு விட்டுவிட்டால் அதற்கு முழுக்குப் போட்டுவிட்டதாகச் சொல்கிறோம். சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் குளிக்காமல் வீட்டுக்குள் நுழையாத வழக்கத்திலிருந்தே இந்தப் பேச்சு வந்திருக்க வேண்டும். இறந்தவருக்கும் நமக்கும் இடையே இனி நீர் ஓடுகிறது என்பதே அந்தக் குளியலின் பொருள். இன்னொரு பக்கம், சிவன் கோவிலில் இறைவனுக்குச் செய்யும் நீராட்டுக்கும் திருமுழுக்கு என்றே பெயர்; கோபுரக் கலசத்தில் நீர் வார்ப்பது குடமுழுக்கு. கத்தோலிக்கர் இன்று ஞானஸ்நானத்தைத் திருமுழுக்கு என்கிறார்கள். ஆக, முழுக்கு என்ற ஒரே சொல்லில் சாவின் நிழலும் கோவிலின் தூய்மையும் சேர்ந்தே கிடக்கின்றன. கிரேக்க மூலச் சொல்லுக்கும் அமிழ்த்துதல், தோய்த்தல் என்பதே பொருள். இவ்வளவும் தெரிந்த ஒரு தமிழர், பிள்ளை ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் பெறுகிறான் என்று கேள்விப்பட்டதும் 'நம்மைத் தலைமுழுகுகிறான்' என்று கலங்கினால், அவர் மொழி அவருக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் உணர்கிறார்.

இதில் வியப்பு என்னவென்றால், சாவைப் பற்றிய அந்த உள்ளுணர்வு சரியானது. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலராகிய பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின், அதாவது கடிதத்தின், 6-ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் அவருடைய மரணத்துக்குள் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்றும், அவரோடுகூட அடக்கம் பண்ணப்பட்டார்கள் என்றும் எழுதுகிறார். இயேசுவே தமக்கு நேரவிருந்த சிலுவைச் சாவை ஒரு ஞானஸ்நானம் என்று குறிப்பிட்டதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். அழுக்குப் போகக் குளிப்பது என்று மட்டும் இதைப் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்ததாகும். நம் சாவு வீட்டுக் குளியலில் சாவு பின்னால் இருக்கிறது, நீர் நம்மை அதிலிருந்து பிரித்துவிடுகிறது. ஞானஸ்நானத்திலோ நீரே கல்லறை; இறங்குகிறவர் சாவுக்குள்ளேயே இறங்குகிறார், தமக்கு முன் அதில் இறங்கி எழுந்த ஒருவரோடு சேர்ந்து எழுகிறார். நான்காம் நூற்றாண்டில் எருசலேம் சபையில், புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உயிர்த்தெழுதல் பண்டிகையை அடுத்த நாட்களில் போதனை செய்தபோது, அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையாகவும் இருந்தது, தாயாகவும் இருந்தது என்று சொல்லியிருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் வகுப்பெடுத்த பிறகும் இதைவிடச் சுருக்கமாகவும் ஆழமாகவும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சிரியாவில் யூப்ரட்டீஸ் நதிக்கரையில் தூரா யூரோப்பொஸ் என்னும் பழைய நகரத்தில், ஒரு சாதாரண வீட்டை மூன்றாம் நூற்றாண்டில் வழிபாட்டு இடமாக மாற்றியிருந்தார்கள். அதில் ஞானஸ்நானத் தொட்டி இருந்த அறையின் சுவரில், இயேசுவின் கல்லறையை நோக்கிப் பெண்கள் நடந்து செல்வதாகப் பலர் கருதும் ஓவியம் இருந்தது. தொட்டியில் இறங்கப்போகிறவர் எதற்குள் இறங்குகிறோம் என்று தெரிந்தே இறங்கட்டும் என்றுதான் அப்படித் தீட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அப்படியானால் சாவது எது? இங்கேதான் அந்த வாசகரிடமிருந்து நான் வேறுபடுகிறேன். சாவது தாயும் தகப்பனும் பிறந்த ஊரும் அன்று. தன்னையே நடுவில் வைத்துக்கொண்டு வாழ்ந்த பழைய மனிதன் சாகிறான். பொய், குடி, பழிவாங்கும் எண்ணம், பிறரைத் தாழ்வாகப் பார்க்கும் கண், பேய்க்கும் செய்வினைக்கும் அஞ்சி நடுங்கிய அச்சம் ஆகியவை அவனோடு சாகின்றன. தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று இயேசு சொன்னதை நான் மறைக்கவில்லை. அது கடினமான சொல்தான். இந்த நாட்டில் அதன் விலையைக் கொடுத்தவர்கள் அதை நன்றாக அறிவார்கள். ஆனால் அங்கே சொல்லப்படுவது யாருக்கு முதலிடம் என்பதே அன்றி, யாரை உதறுவது என்பதன்று. கணவனோ மனைவியோ விசுவாசியாக இல்லாமல் சேர்ந்து வாழச் சம்மதித்தால் அவர்களைத் தள்ளிவிடக் கூடாது என்று பவுல் கொரிந்தியர் நிருபத்தில் எழுதினார். தன் வீட்டாரைப் பராமரிக்காதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று தீமோத்தேயு நிருபம் இன்னும் கடுமையாகச் சொல்கிறது. ஞானஸ்நானம் பெற்ற பிறகு தாய்க்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருந்த பணத்தை நிறுத்திவிட்ட ஒருவர், எதற்குள் முழுகினார் என்று எனக்குப் புரியவில்லை.

பெயரைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் என்றாலே பெயர் மாற்றம் என்று நம்மில் பலர், கிறிஸ்தவர் உட்பட, எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆதிச் சபையில் அப்படி ஒரு கட்டாயம் இருக்கவில்லை. பவுலின் உடன் ஊழியரான அப்பொல்லோவின் பெயர் கிரேக்கக் கடவுள் அப்பொல்லோவின் பெயரிலிருந்து பிறந்தது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி பெபேயாளின் பெயரும் கிரேக்கப் புராணத்துப் பெயர். ரோமர் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் எர்மேயின் பெயரும் அப்படியே. யாரும் அவர்களிடம் அதை மாற்றச் சொன்னதாகத் தெரியவில்லை. எங்கள் வகுப்புக்கு வருகிறவர் முருகனாகவோ இசக்கியம்மாளாகவோ இருந்தால், விரும்பினால் புதுப்பெயர் எடுத்துக்கொள்ளலாம், எடுக்காமலும் இருக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுவேன். தாய் கூப்பிட்ட பெயரிலேயே கடவுளும் கூப்பிடுவார். முதல் வாரத்திலேயே பொட்டை அழி, பூவை எடு என்று தொடங்குகிற அவசரக்காரர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வாசகரின் அச்சத்துக்கு அவர்களும் ஒரு காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு பெண்மணி இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், பீடி சுற்றும் வேலை. மாலையில் கடையில் பீடிக்கட்டுகளைக் கொடுத்துவிட்டு, விரல்களில் புகையிலை மணம் போகாமலேயே வகுப்புக்கு வந்து உட்காருவார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். மற்றவர்கள் கிறிஸ்தவ நம்பிக்கையின் சுருக்கமான விசுவாசப் பிரமாணத்தை மனப்பாடமாக ஒப்பித்தபோது அவர் ஒரு வரிக்கு மேல் போகாமல் நின்று, 'மரித்து, அடக்கம்பண்ணப்பட்டுன்னு வருதே சார், அதை ஒருவாட்டி வெளக்கமாச் சொல்லுங்க' என்றார். நான் ரோமர் 6-ஐச் சொன்னேன். வெகுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், எழுந்து போகும்போது வாசலில் நின்று கேட்டார்: 'அப்படின்னா சார், நான் முங்கி எந்திச்சதும் எங்கம்மா எனக்கு அம்மா இல்லாமப் போயிருவாளா?' நான் ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து பாடம் நடத்துகிறவனுக்குத் தோன்றாத கேள்வி அது. 'போகமாட்டா அம்மா. நீங்க அவளுக்கு இன்னும் நல்ல மகளா எந்திக்கணும். அதுக்குத்தான் முங்கறது' என்றேன். அந்த விடை போதுமானதா என்று இன்றும் எனக்கு ஐயம் உண்டு.

அவர் தாமிரபரணியில்தான் பெற வேண்டும் என்று விரும்பினார். மார்கழி பிறப்பதற்கு முந்தைய ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம். ஆற்றின்மேல் பனி புகையாக நின்றது. ஐயர் என்று நாங்கள் அழைக்கும் சபைப் போதகர் இடுப்பளவு நீரில் நின்றிருந்தார். சபையார் இருபது பேர் படித்துறையில் நின்று பாடிக்கொண்டிருந்தோம். கொஞ்சம் தள்ளி, மருத மரத்தடியில், அவருடைய தாய் நின்றிருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் மஞ்சள் பையில் சுற்றிய உலர்ந்த சேலை. யாரும் அவரைக் கூப்பிட்டிருக்கவில்லை, அவராகவே வந்திருந்தார். கேள்விகள் கேட்கப்பட்டன, மகள் உரத்த குரலில் பதில் சொன்னார், மூன்று முறை முழுகினார். மேலே ஏறி வந்தவரைக் கட்டியணைக்கச் சபைப் பெண்கள் முன்னே போவதற்குள் அந்தத் தாய் இறங்கி வந்து, முந்தானையால் மகளின் தலையைத் துவட்டத் தொடங்கிவிட்டார். 'தண்ணி ஐஸா இருக்கு. தலையில ஈரம் நிக்கப்பிடாதுட்டீ' என்று அதட்டியதுதான் அன்று அங்கே நிகழ்ந்த ஆசீர்வாதங்களில் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கல்லறையும் தாயும் என்று எருசலேமில் சொன்னது நீரைப் பற்றி. அன்று கரையிலும் ஒரு தாய் நின்றிருந்தார்.

இத்தகைய முழுக்குக்கு ஒருவரை எவ்வளவு காலம் ஆயத்தப்படுத்துவது என்பது பழைய கேள்வி. ஆதிச் சபையின் வரலாற்றைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் என்ற புதிய ஏற்பாட்டு நூலில் எல்லாம் உடனுக்குடன் நடக்கின்றன. எத்தியோப்பிய மந்திரி இரதத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே 'இதோ, தண்ணீர் இருக்கிறதே, நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன' என்று கேட்டு இறங்கிவிடுகிறார். பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் அதே இரவில் வீட்டாருடன் பெறுகிறான். கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டப் பந்தலில் கை உயர்த்தியவர்களை மறுநாளே தொட்டிக்கு அழைத்துச் செல்லும் ஊழியக்காரர்கள் இந்த இரண்டு பகுதிகளையும்தான் காட்டுவார்கள். ஆனால் அந்த மந்திரி எருசலேம் வரை போய்த் தொழுதுகொண்டு திரும்பியவர், ஏசாயா தீர்க்கதரிசியின் சுருளைக் கையில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தவர். அவருக்குப் பள்ளிக்கூடம் முன்பே தொடங்கிவிட்டது. வேத பின்னணி இல்லாத மக்கள் பெருகி வந்தபோது சபை நிதானித்தது. மூன்றாம் நூற்றாண்டின் ரோமாபுரி வழக்கத்தைக் காட்டுவதாகப் பொதுவாகக் கருதப்படும் ஒரு சபை ஒழுங்கு மூன்று ஆண்டுக் கற்பித்தலைச் சொல்கிறது. அதே மூச்சில், காலத்தைப் பார்க்காதே, நடத்தையைப் பார் என்றும் சொல்கிறது. முடிவில் அந்த நபரைப் பற்றி விசாரிக்கச் சொல்லும் கேள்விகள் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவைக்கும்: விதவைகளை மதித்தாரா? நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா? நற்செயல் செய்தாரா? மனப்பாடத்தைப் பற்றிய கேள்வியை விட்டுவிட்டு இதைக் கேட்டிருக்கிறார்கள். நம் வகுப்புகளில் எத்தனை பேர் இதைக் கேட்கிறோம்? அகஸ்தீன் போன்ற பேரறிஞர்கூட மனம் திரும்பிய பின் மாதக்கணக்கில் காத்திருந்து, 387-ஆம் ஆண்டு உயிர்த்தெழுதல் திருவிழிப்பு இரவில் மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் தம் மகனோடு சேர்ந்து முழுக்குப் பெற்றார். நடுவில் பல நூற்றாண்டுகள் வழக்கொழிந்துபோன அந்த ஆயத்த முறையை, கத்தோலிக்க ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்கச் சொல்ல, 1972-இல் கத்தோலிக்கத் திருச்சபை பெரியவர்களுக்கான படிநிலைச் சடங்குமுறையை வெளியிட்டது. நான் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபையைச் சேர்ந்தவன். ஆனால் இந்த விஷயத்தில் அவர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்றே கருதுகிறேன்.

நம் மண்ணிலேயே இதற்குச் சாட்சிகள் உண்டு. நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசின் அலுவலர். டச்சுப் படைத்தலைவர் டிலனாய் மூலம் கிறிஸ்துவை அறிந்தவர், வடக்கன்குளத்துக்குப் போய் இயேசு சபைக் குரு புத்தாரியிடம் முழுக்குக் கேட்டார். குரு உடனே கொடுத்துவிடவில்லை. அரண்மனை மனிதர் ஒருவருக்கு இதனால் வரக்கூடிய துன்பம் எத்தகையது என்பது அவருக்குத் தெரியும். மாதக்கணக்கில் கற்பித்த பின், 1745 மே 14 அன்று தேவசகாயம் என்னும் பெயரோடு முழுக்களித்தார். ஏழு ஆண்டுகள்கூட நிறைவதற்கு முன், 1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்தச் சில மாதக் காத்திருப்பு இல்லாமல் அவரால் அத்தனையும் தாங்கியிருக்க முடியுமா என்று நான் யோசிப்பதுண்டு. பாளையங்கோட்டையில் இன்னொரு கதை. தஞ்சைப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து விதவையான ஒரு பெண் ஓர் ஆங்கிலேய அதிகாரியுடன் வாழ்ந்துவந்தார். அந்தப் பெண் ஞானஸ்நானம் கேட்டபோது, திருமணமின்றிச் சேர்ந்து வாழும் நிலையைக் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல்தான் கொடுத்தார். குளோரிந்தா என்னும் பெயர்பெற்ற அவர்தான் 1785-இல் எழும்பிய ஆலயத்துக்குக் காரணமானவர். அதைப் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்று இன்றும் எங்கள் ஊரில் அழைக்கிறோம். சுவார்ட்ஸ் மறுத்தது சரியா என்று நான் பலமுறை எனக்குள் வாதாடியிருக்கிறேன். அந்த மறுப்பில் ஒரு பெண்ணின் நிர்க்கதியை அவர் போதிய அளவு எண்ணிப் பார்த்தாரா என்ற கேள்வி எனக்கு இருக்கிறது. ஆயினும் ஞானஸ்நானத்தை மலிவாகக் கொடுக்கலாகாது என்ற அவருடைய உறுதியை நான் மதிக்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தூத்துக்குடி வட்டாரக் கடற்கரையான முத்துக்குளித்துறையின் பரதவர் சமூகத்தார் 1530-களின் நடுவில் ஆயிரக்கணக்கில் முழுக்குப் பெற்றது, கடலில் தங்கள் தொழிலுக்கும் உயிருக்கும் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பு வேண்டியிருந்த நெருக்கடியில். 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் வந்து கேட்டபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களால் அதிகம் சொல்ல இயலவில்லை. அவர் அவர்களைக் குறைசொல்லிக்கொண்டிருக்கவில்லை. இரு மொழியும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தர் கற்பித்த ஜெபத்தையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் ஆக்கி, கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். அந்தக் கரையின் விசுவாசம் ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கிறது. எனவே நோக்கத்தில் கலப்பு இருந்தது என்று யாருடைய ஞானஸ்நானத்தையும் எள்ளி ஒதுக்க எனக்குத் துணிவில்லை. மனித நோக்கங்களில் கலப்பில்லாதது எது? முழுக்குக்கு முன் கற்பிக்கத் தவறியிருந்தால் பின்னராவது யாரேனும் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்க வேண்டும்.

மூன்று முறை முழுக்குவதா, தலையில் ஊற்றுவதா என்ற சர்ச்சைக்கு இந்தக் கடிதத்தில் இடம் கொடுக்க விரும்பவில்லை. ஆதிச் சபையின் மிகப் பழைய கையேடு ஒன்றே, ஓடும் நீர் நல்லது, இல்லாவிட்டால் வேறு நீர், குளிர்ந்த நீர் இல்லாவிட்டால் வெந்நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்று என்று சொல்லிவிட்டது. அந்தப் பரந்த மனம் நமக்கும் வரட்டும்.

சான்றிதழ் பற்றியும் அந்த வாசகர் கேட்டிருந்தார். ஆலயப் பதிவேட்டில் எழுதி ஐயர் கையொப்பமிட்டுத் தரும் தாள் ஒரு நினைவுக் குறிப்பே. ஞானஸ்நானம் அந்தத் தாளில் இல்லை. ஆனால் நம் நாட்டில் அந்தத் தாள் கனமானது. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் வரையறுத்தது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றுவரை சேர்க்கப்படவில்லை. கிறிஸ்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே பட்டியல் சாதிச் சான்று கோருவதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஒரு தலித் சகோதரர் ஆற்றில் இறங்கும்போது, தம் பிள்ளையின் கல்லூரி இடத்தையும் தம் வேலைவாய்ப்பையும் சேர்த்தே நீரில் விடுகிறார் என்பதை, பரம்பரைக் கிறிஸ்தவர்களாகிய நாங்கள் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இந்தச் சட்டம் நியாயமானதா என்பது தனிக் கடிதத்துக்குரிய பொருள். வகுப்பில் நான் செய்வது ஒன்றே: எதையும் மறைக்காமல் எடுத்துச் சொல்லி, வீட்டில் பேசிவிட்டு வரச் சொல்வேன். விசுவாசம் கொண்டும் ஆண்டுக்கணக்கில் ஞானஸ்நானம் பெறாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்களைக் கோழைகள் என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு, அந்தக் கடைசி வரிசையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கும்படி சொல்லுவேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிதான், அதுவும் எங்களைப் பார்த்தே. ஞானஸ்நானம் பெறுகிறவர் மட்டும் அதில் கட்டுப்படுவதில்லை. நின்று பார்க்கிற சபையும் கட்டுப்படுகிறது. ஒருவர் சாவுக்குள் இறங்கி எழும்போது, அவரைப் பிறந்த குழந்தையாகக் கையில் வாங்க ஒரு குடும்பம் கரையில் நிற்க வேண்டும். கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றவர்கள் கிறிஸ்துவைத் தரித்துக்கொண்டார்கள் என்று கலாத்தியருக்கு எழுதிய கையோடு, 'யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை' என்று பவுல் எழுதினார். முதல் வாக்கியத்தை ஞானஸ்நான ஆராதனையில் வாசித்துவிட்டு இரண்டாவதை வீட்டு வாசலில் கழற்றிவைக்க எங்களுக்கு உரிமை இல்லை. தேவசகாயம் பிள்ளை முழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் எழுப்பிய ஆலயத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரிந்து உட்காரும்படி நடுவே சுவர் இருந்தது. 1910-இல்தான் அது இடிக்கப்பட்டது. சீர்திருத்தச் சபையிலும், சாதி வேற்றுமையை உடனடியாகவும் அறுதியாகவும் விட்டொழிக்க வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டானியேல் வில்சன் 1833-இல் சுற்றறிக்கை அனுப்பியபோது, தமிழ்ச் சபைகள் பலவற்றில் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. ஒரே தண்ணீரில் முழுகியவர்கள் நடுவில் செங்கல் சுவரை எழுப்பியிருந்தோம்.

இன்று செங்கல் இல்லை. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு சபையில் நடந்ததைச் சொல்கிறேன். ஓர் இளைஞர், பெயின்ட் அடிக்கும் தொழிலாளி, நல்ல ஆயத்தத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த மாதம் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. வழக்கம்போல சபையார் எல்லோரும் சேர்ந்துண்ணும் அசன விருந்து. பந்தியில் உட்கார்ந்தவரிடம் பக்கத்தில் இருந்த பெரியவர் அன்பாகவே ஊர் கேட்டார், தெரு கேட்டார், தகப்பனார் பெயரைக் கேட்டார். பதில்கள் வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு கடுஞ்சொல் இல்லை. பெரியவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அந்த இளைஞர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு நான்கைந்து ஞாயிறு வந்தார், பின்பு வரவில்லை. நான் அவரைத் தேடிப்போனபோது, 'ஆத்துல எல்லாரும் பாட்டுப் பாடினீங்க சார். பந்தியில யாரும் பேசலை' என்றார். அவரை ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தியவன் நான். சபையை ஆயத்தப்படுத்த மறந்தவனும் நான். மீண்டும் அவரை அழைத்துவர என்னால் முடியவில்லை.

இதைவிட நேரடியான கேள்வி ஒன்று உண்டு. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர் இறந்தால் எங்கே அடக்கம்? பிறந்த சாதியாரின் சுடுகாட்டில் இடமில்லை என்பார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்திலோ குடும்பக் கல்லறை, காணிக்கை நிலுவை, அங்கத்தினர் பட்டியல் என்று கேள்விகள் எழும். கிறிஸ்துவின் மரணத்துக்குள் அடக்கமானவர் என்று பாடி முழுக்கியவருக்கு ஆறடி மண்ணைத் தேடி உறவினர்கள் இரவில் அலைவதை நான் ஒரு முறை பார்த்துவிட்டேன். இன்னொரு முறை பார்க்க விரும்பவில்லை. எங்கள் சேகரத்தில் இப்போது, ஞானஸ்நான நாளன்றே அவருடைய பெயரைக் கல்லறைத் தோட்டப் பதிவேட்டிலும் எழுதிவிடுகிறோம். கேட்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள், பிறந்த நாளில் சாவைப் பேசுவானேன் என்று. ரோமர் 6-ஆம் அதிகாரத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். அதோடு, ஞானஸ்நானம் பெறுகிற ஒவ்வொருவருக்கும் சபையில் ஒரு குடும்பத்தை முன்கூட்டியே பொறுப்பாக்குகிறோம். மாதம் ஒரு வேளையாவது ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட வேண்டும் என்பதே அதில் உள்ள ஒரே விதி. எல்லா வீடுகளிலும் அது நடக்கிறது என்று சொல்லமாட்டேன். நடக்கிற வீடுகளில் பிறந்தவர்கள் நிலைத்து நிற்கிறார்கள்.

அந்தப் பீடித் தொழிலாளியின் தாய் சென்ற ஆண்டு இறந்துபோனார். கடைசி எட்டு மாதம் படுக்கையில் கிடந்தவரை அள்ளியெடுத்துப் பார்த்தவர் இந்த மகள்தான். அவருடைய தம்பி கொள்ளி வைத்தார். சடங்குகளில் தமக்குக் கூடாது என்று பட்டவற்றில் மகள் ஒதுங்கி நின்றார், மற்ற எல்லாவற்றையும் தாமே செய்தார். சாவு வீட்டுத் தெருவில் அவருக்குப் பொறுப்பான குடும்பத்தாரும் சபைப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் காலையிலிருந்தே உட்கார்ந்திருந்தார்கள். உடலை எடுத்துச் சென்ற பிறகு, வழக்கப்படி வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். அவரும் அவர்களோடு போய், தாம் ஞானஸ்நானம் பெற்ற அதே படித்துறையில் இறங்கித் தலைமுழுகினார். மேலே ஏறியபோது அவருடைய தம்பி மனைவி சேலையை நீட்டினார். தலையைத் துவட்டிவிட்டவர் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மூதாட்டி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
திருநெல்வேலி மாவட்டம்.